பந்தி விசாரிக்க ஆள் இல்லை

என் அத்தை என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்காக, எப்போதிலிருந்து என்று முழுசாகத் தெரிந்த ஆள் மதுரையில் ஒருத்திதான். அது நான். நான் படித்தது பி.காம். இருதய டாக்டருக்கு அவர் எழுதியது தெரியும். சர்க்கரை டாக்டருக்கு அவர் எழுதியது தெரியும். எலும்பு டாக்டர், சிறுநீர் டாக்டர், கண் டாக்டர் எல்லோரும் அப்படித்தான். மொத்தத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எனக்குத் தெரிந்த தமிழிலும் தெரியாத இங்கிலீஷிலும் ஒப்பிக்கிற வேலை எனக்கு. இந்த வேலைக்கு யாரும் என்னைப் பழக்கவில்லை. நான் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அது அவர் உடம்பில் போய் நிற்கும் என்ற பயம் மட்டும் எப்போதும் இருக்கிறது.

அத்தைக்கு 79 வயது. கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்தக் கடை இருந்தது. மாமா போனபிறகு கல்லாவில் உட்கார்ந்து, சரக்கு லாரிக்காரர்களிடமும் கமிஷன் ஏஜென்டுகளிடமும் பேசி, இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் கரையேற்றியவர். காது நன்றாகக் கேட்கும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரில் விளம்பரம் வரை விடாமல் படிப்பார். பால்காரர் கணக்கு, சிலிண்டர் கணக்கு எல்லாம் இன்றும் அவர் மனசில்தான் இருக்கிறது.

இவரை டாக்டர் அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "நல்லா சாப்பிடுறாங்களா? மோஷன் போறாங்களா? தூங்குறாங்களா?"

சாப்பிடுகிறவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே. அவரைக் கேட்டால் என்ன? ஒவ்வொரு முறையும் "அத்தை, நீங்களே சொல்லுங்க" என்று நான் திருப்பிவிடுகிறேன். அவர் சொல்ல ஆரம்பிப்பார். வயதானவர்கள் ஒரு விஷயத்தை அதன் தொடக்கத்திலிருந்துதான் சொல்வார்கள். "போன ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிட்டு வந்ததுல இருந்து..." என்று ஆரம்பித்தால் டாக்டரின் பேனா மறுபடி என் பக்கம் திரும்பிவிடும். ஆனால் அந்த ராமேஸ்வரப் பயணத்துக்கு முதல் வாரம்தான் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அத்தை சரியான இடத்தில்தான் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அத்தை டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சாப்பிடுகிறார். லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற நல்ல மாத்திரைகள்தான். அம்லோடிபினைக் கூட்டினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது மருத்துவப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் என்று எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. அத்தைக்குக் கால் வீங்கியபோது இருதய டாக்டர் ஊரில் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். வீக்கம் வடிய நீர் மாத்திரை எழுதினார்கள். நீர் மாத்திரை தன் வேலையைச் செய்தது. ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை. அதற்குச் சிறுநீர் டாக்டர். சிறுநீர்ப்பையை அடக்க ஒரு மாத்திரை. அது வாயை வறட்டி, மலச்சிக்கலைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு சிரப். ஒரு விடியற்காலை பாத்ரூம் வாசலில் தலை சுற்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு வலி மாத்திரை எழுதினார். டெல்மிசார்டன் வகை மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு வயதான சிறுநீரகத்தில் இறங்கக் கூடாது என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம்.

இதில் யார் தப்பு செய்தார்கள் என்று கேட்டால் தனித்தனியாக யாரையும் பிடிக்க முடியாது. அவரவர் முன்னால் வந்த கோளாறுக்கு அவரவர் படித்த மருந்தைக் கொடுத்தார்கள். பந்தியில் சாம்பார் வாளிக்காரர் சாம்பார் ஊற்றிப் போகிறார், பாயசக்காரர் பாயசம் ஊற்றிப் போகிறார். ஒரு நல்ல கல்யாண வீட்டில் இவர்களுக்குப் பின்னால் கையில் வாளி இல்லாமல் ஒருவர் வருவார், இலையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, என்ன வேண்டும், எது போதும் என்று விசாரித்தபடி. வயதானவர்களின் வைத்தியத்தில் அந்த ஆளைத்தான் காணோம். முன்பு தெருமுனை குடும்ப டாக்டர் அந்த வேலையைச் செய்தார். எங்கள் குடும்பத்துக்கு இருந்தவர் காலமானபிறகு அந்த இடத்துக்கு இன்னொருவர் வரவில்லை. ஸ்பெஷலிஸ்டுகள்தான் வந்தார்கள்.

மணிக்கட்டு முறிந்தபிறகு அத்தையைக் கவனிக்க ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்தோம். உசிலம்பட்டிப் பக்கம். நாங்கள் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஏஜென்சியிலேயே நின்றுவிடுகிறது. ரசீதில் 'பயிற்சி பெற்ற நர்சிங் உதவியாளர்' என்று இருக்கிறது. அவருக்கு ஏஜென்சி கொடுத்த பயிற்சி என்பது ஒரு பச்சைக் கோட்டும், வீட்டுக்காரர்களிடம் சம்பளம் பற்றிப் பேசக் கூடாது என்ற எச்சரிக்கையும்தான். உண்மையான பயிற்சி, படுக்கையில் விழுந்த தன் மாமியாரை வருடக்கணக்கில் புண் வராமல் பார்த்ததில் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. நாங்களாகக் கொடுக்கிறோம். அவர் ஊருக்குப் போகும் நாளில் ஏஜென்சியிலிருந்து மாற்று ஆள் என்று யாரையோ அனுப்புவார்கள், அத்தையின் பெயர்கூடத் தெரியாமல். சர்க்கரை இருக்கிறதா என்று வந்தவர் என்னிடம் கேட்பார். எழுதி வைத்த நோட்டு எதுவும் ஏஜென்சியிடம் கிடையாது.

ஒரு நாள் காலை அந்த உசிலம்பட்டிப் பெண் என்னை அடுக்களையில் வந்து தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அம்மா ரெண்டு நாளா சரியில்ல. பால் கணக்குல தப்பு விடுறாங்க. அம்மா தப்பு விடுவாங்களா?"

விட மாட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "ரிவ்யூ தேதி இன்னும் பத்து நாள் இருக்கு மேடம். அவசரம்னா கேஷுவாலிட்டிக்கு வாங்க" என்றார்கள். அவசரமா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தானே போன் செய்கிறோம். அமெரிக்காவில் இருக்கிற கொழுந்தனிடம் சொன்னேன். "வயசாச்சுல்ல அண்ணி, மறதி வரத்தான் செய்யும். டிமென்ஷியா டெஸ்ட் ஒண்ணு பார்த்துடலாம்" என்றார். மத்தியானம் அத்தை என்னையே யார் என்று கேட்டார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

கேஷுவாலிட்டி டாக்டர், சின்னப் பிள்ளை, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் நேற்றிலிருந்து என்றேன். பின்னால் நின்ற அந்தப் பெண், "இல்ல சார், முந்தாநாள் சாயந்தரம் காபி குடிக்கையிலயே டம்ளரை நழுவ விட்டாங்க. அப்பவே கை ஒரு மாதிரி நடுங்குச்சு" என்றார். டாக்டர் தலையைத் தூக்காமல், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தையோடு ஒரே அறையில் படுத்து, ராத்திரி எத்தனை முறை எழுந்தார், எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தார், எத்தனை இட்லி உள்ளே போனது என்று கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய தகவல் எந்த ஸ்கேனில் வரும்? அவர் கட்டியிருந்த சேலையும் பேசிய பேச்சும் பார்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை வந்தது. சோடியம் 118. 135க்குக் குறையக் கூடாதது. நீர் மாத்திரை உப்பை இழுத்துவிட்டது. கிரியாட்டினினும் ஏறியிருந்தது. டிமென்ஷியா இல்லை. மறதி இல்லை. மூன்றாம் நாள் அத்தை கண்ணைத் திறந்து, "பால்காரனுக்கு அரை லிட்டர் கூடப் போட்டிருக்கேன், கழிச்சுக்கச் சொல்லு" என்று அந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னார்.

கொழுந்தனைப் பற்றிக் குறையாகவே எழுதிவிடக் கூடாது. மாதாமாதம் பணம் அனுப்புகிறார். அவருக்கு அங்கே நடுராத்திரி ஆகும்போதும் வீடியோவில் வந்து அம்மாவின் முகத்தைத் தேடுகிறார். தூரத்தில் இருக்கிறவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயம் அங்கிருந்து கட்டளையாக வந்து சேர்கிறது. "எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க, நான் டாக்டர்கிட்ட பேசணும், போனைக் குடுங்க." ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் போனை நீட்டினால் அவர் நகர்ந்துவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை, அடுத்த படுக்கையில் ஆள் காத்திருக்கிறார். இங்கே நாத்தனார் சென்னையிலிருந்து ஓடி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா இப்படி இளைச்சுட்டாங்களே" என்று என் முகத்தைப் பார்க்கிறார். என் வீட்டுக்காரர் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடி, இரண்டு இடத்திலும் தூங்காமல் இருக்கிறார். எல்லோருக்கும் அத்தை மேல் பாசம் உண்டு. யார் எதை முடிவு செய்வது, யார் டாக்டரிடம் பேசுவது, யார் செலவைப் பார்ப்பது என்று நாலு பேரும் உட்கார்ந்து ஒரு நாளும் பேசியதில்லை. அம்மா நன்றாக இருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தால் அபசகுனம். படுத்தபிறகு எடுத்தால் சண்டை.

அடுத்தது காப்பீட்டுக் கம்பெனி. அத்தை பெயரில் என் வீட்டுக்காரர் பல வருடங்களாகப் பிரீமியம் கட்டுகிறார். வயது ஏற ஏற அதுவும் ஏறிக்கொண்டே வந்தது. 2025 ஜனவரியில்தான் மூத்த குடிமக்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் தன்னைக் கலந்து பேச வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது. அதே ஆணையம் 2024 மே மாதம் இன்னொரு விதி போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கேட்டு அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்லியாக வேண்டும், தாமதத்தால் கூடுகிற செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். நல்ல விதி. எங்களுக்கு நடந்தது என்னவென்றால், காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை சேலை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்சூரன்ஸ் கவுன்டரில் கேட்டால், கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரவில்லை என்கிறார்கள். கம்பெனி எண்ணில் கூப்பிட்டால், ஆஸ்பத்திரி எங்கள் கேள்விக்குப் பதில் போடவில்லை என்கிறார்கள். பதில் போடாதவரை 3 மணி நேரக் கணக்கே ஆரம்பிக்காதாம். மத்தியானம் சாப்பாட்டு வண்டி அத்தை படுக்கையைத் தாண்டிப் போனது. "டிஸ்சார்ஜ் போட்டாச்சும்மா, இந்த பெட்டுக்குச் சாப்பாடு இல்ல." காலையில் இன்சுலின் போட்ட மனுஷி. நான் கேன்டீனுக்கு ஓடினேன். ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தோம். பணம் வாங்குகிறவர்களுக்கும் பணம் கொடுக்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு சர்க்கரை நோயாளி பட்டினியாக உட்கார்ந்திருக்கலாம் என்பது அந்த இரண்டு கவுன்டரிலும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாலிசி ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான் கொடுக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இல்லை, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் இல்லை, டயப்பருக்கு இல்லை, மாதாந்திர மாத்திரைக்கு இல்லை. வயதான காலத்தில் செலவு அங்கேதானே ஓடுகிறது. அத்தை விழாமல் இருக்க பாத்ரூமில் கைப்பிடி வைக்க ஆன தொகை, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அறை வாடகைகூட ஆகாது. முதலில் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து அந்தக் கைப்பிடியை வைக்கச் சொல்லியிருந்தால் இத்தனையும் வந்திருக்குமா?

டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம். எல்லாப் பரிசோதனை எண்ணும் அச்சு அசலாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் புதிதாக மூன்று மாத்திரை, அதன் கீழே ஒரே வரி: பழைய மருந்துகளைத் தொடரவும். எந்தப் பழைய மருந்து? அத்தையை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்த நீர் மாத்திரையும் பழைய மருந்துதான். நான் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் ஸ்டேஷனில் நின்று கேட்டேன். ட்யூட்டி டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள். ட்யூட்டி டாக்டர் மாறியிருந்தார். புதியவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "அதை மட்டும் நிறுத்திக்கங்க" என்று பேனாவால் அடித்தார். நான் கேட்கவில்லை என்றால்?

நாத்தனார்தான் பிடிவாதமாகச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு முதியோர் மருத்துவரிடம் காட்டினார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதியோருக்கென்று தனி மருத்துவம் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவிலேயே முதன்முதலாக அது நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், 1978இல், டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் ஆரம்பமானது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பும் வந்தது. கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. இத்தனை முன்னால் தொடங்கிய மாநிலத்தில், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெருவுக்குத் தெரு குழந்தை டாக்டர் இருக்கிறார். பாட்டிக்கு என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

அந்த டாக்டர் செய்த முதல் காரியம், மஞ்சள் பையை மேஜை மேல் கொட்டச் சொன்னது. பழைய அட்டைகள், பாதி சாப்பிட்டவை, சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கியது, எல்லாம். இரண்டாவது காரியம், நாற்காலியை அத்தை பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தது. "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன பண்ணுது?" அத்தை ராமேஸ்வரத்தில் ஆரம்பித்தார். டாக்டர் குறுக்கிடவில்லை. அம்லோடிபினைக் குறைத்தார். கால் வீக்கம் வடிந்தால் நீர் மாத்திரைக்கு வேலையே இல்லை, அது போனால் சிறுநீர்ப்பை மாத்திரை தேவையில்லை, அது போனால் சிரப் தேவையில்லை என்று ஒவ்வொன்றாக ஒரு பக்கம் தள்ளி வைத்தார். எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அந்தப் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு, ராத்திரி எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் எழுதி ஒரு கடிதமும் கொடுத்தார், மற்ற டாக்டர்களுக்கு.

மதுரைக்கு வந்து இருதய டாக்டரிடம் கடிதத்தை நீட்டினேன். "யார் மாத்தச் சொன்னது? பிரஷர் ஏறிச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று என்னைக் கேட்டார். என்னை. நான் என்ன சொல்வது? அத்தையின் உயிர் இரண்டு படித்தவர்களுக்கு நடுவில் நிற்கிறது, இரண்டு பேரிடமும் போன் இருக்கிறது, கடிதத்தின் தலைப்பில் எண்ணும் இருக்கிறது. இரண்டு நிமிடம் பேசினால் முடிகிற விஷயம். ஆனால் பேச மாட்டார்கள். நான் இதை நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. வாசலில் டோக்கன் வாங்கி எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நோயாளியைப் பார்த்தால் கட்டணம், ஒரு ஸ்கேன் எழுதினால் கட்டணம், ஒரு ஆபரேஷன் செய்தால் பாக்கேஜ். இன்னொரு டாக்டரோடு பேசுகிற நேரத்துக்கு எந்த ரசீதிலும் வரி கிடையாது. மாத்திரையைக் குறைக்க உட்கார்ந்து யோசிக்கிற நேரத்துக்கும் கிடையாது. எதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லையோ அது நடப்பதில்லை. அந்த இடைவெளியை வீட்டில் இருக்கிற பெண் சம்பளமில்லாமல் நிரப்ப வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் மாமனாருக்கு வாசலிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வருகிற பெண்ணுக்கு அந்தத் தெருவில் ஒவ்வொரு பெரியவரையும் தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போது பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் ஒரு முறை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வந்தபோது, அவர்கள் எழுதியதும் திட்டத்து நோட்டில் இருப்பதும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் இரண்டு வேளை விழுங்கிக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தது அவருடைய பேத்தி, பிளஸ் டூ படிக்கிறாள்.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்றால் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்குகிற சட்டம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதன் 20ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை, முடிந்தவரை படுக்கை, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் வைத்தியத்தில் அனுபவமுள்ள ஒரு மருத்துவ அதிகாரியின் தலைமையில் தனி வசதி என்று எழுதியிருக்கிறது. 2031இல் தமிழ்நாட்டில் நூற்றில் 18 பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அது தூரத்தில் இல்லை. என் வீட்டுக்காரரும் நானும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுவோம். எங்கள் மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு எங்கள் மஞ்சள் பையைத் தூக்க நேரம் இருக்குமா என்று நான் அவளைக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய இடம் அவள் இல்லை.

சென்னை டாக்டர் கடைசியாக அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும், நாங்களும்கூட, கேட்காத கேள்வி. "இனிமே பெருசா ஏதாவது வந்தா உங்களுக்கு எப்படிப் பார்க்கணும்மா?" அத்தை யோசிக்கவே இல்லை. "வீட்ல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சரியாகிற நோவுன்னா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஆகாதுன்னு தெரிஞ்சா குழாய் எதுவும் மாட்ட வேண்டாம். மாமா பட்டது போதும்." மாமா ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் கிடந்து போனவர். அத்தை இதை இத்தனை காலம் மனசில் வைத்திருந்தது அந்த அறையில் இருந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படி எழுதி வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். லிவிங் வில் என்கிறார்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை கேட்ட நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்று ஆக்கியது. இதைக் கேட்டுக் கொழுந்தன் ஒரு வாரம் பேசவில்லை. "அம்மாவைக் கைவிடச் சொல்றீங்களா அண்ணி?" என்று என்னிடம்தான் கோபம். அத்தை போனை வாங்கி, "எழுதச் சொன்னது நான்டா. உங்க அண்ணி இல்ல. உங்க அப்பாவைக் கடைசியா நீ பார்த்தது போட்டோவுலதான், நான் கூடவே இருந்தவ" என்றார். அதற்கு மேல் கொழுந்தன் எதுவும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் தன் சார்பில் முடிவெடுக்கப் பெயர் குறித்து, கட்டுப் பிரித்த வலது கையாலேயே அத்தை கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தின் பிரதிகளைப் பெயர் குறித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு யார் குடும்ப மருத்துவர்? நாங்கள் அடிக்கடி போவது இருதய டாக்டரிடம் என்பதால் அங்கே எடுத்துப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஃபைல்ல வைக்கிற பேப்பர் இல்லையே மேடம். அடுத்த ரிவ்யூல சார்கிட்டயே கேட்டுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த ரிவ்யூ பன்னிரண்டாம் தேதி. இந்த முறை அத்தைதான் பேசுவார். அவர் பேசி முடிக்கிறவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை, டோக்கன் எண்ணை எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி.